ராஜாவுக்கு முன்னால் மந்திரி

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் புதுப் புத்தகத்தின் பக்கங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். சென்னைக் கடையிலிருந்து வி.பி.பி. தபாலில், நான் வேலை பார்த்த பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்த இங்கிலீஷ் புத்தகம் அது. சீமையில் அச்சடித்தது. ஓரம் வெட்டாமல் பக்கங்கள் நான்கு நான்காக ஒட்டியிருந்தன. "வித்தவன் மூடி வச்சே வித்திருக்கான் பாரு" என்று சொல்லிவிட்டு, சின்னக் கத்தி ஒன்றை அம்மிக்கல்லில் இரண்டு இழுப்பு தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணனுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனாலும் பிரித்த ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார். சதுரங்கப் பலகை படம் போட்ட பக்கங்களில் கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

மதினி ராக்கம்மாள் முறத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள். "மொச்சைக்காய உரிச்சுக் குடுங்கன்னா கை வலிக்குது. இத உரிக்க மட்டும் வலிக்கல."

"மொச்சைக்குள்ள பிரெஞ்சு டிபென்சு இருந்தா அதையும் உரிப்பேன்."

பிறகு புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "சீனி, அந்தப் பிரெஞ்சுத் தொடக்கம் எங்க இருக்குன்னு பாத்து ஒரு ஈர்க்குச்சி வச்சு வையி. நாளைக்குத் தண்ணி பாச்சிட்டு வாரேன், வாசிச்சுச் சொல்லு. ஞாயித்துக்கிழமை இதக் கொண்டுபோயி ஐயரு முன்னாடி வைக்கணும். நல்ல புஸ்தகம்னா எப்புடி இருக்கும்னு அவரும் பாக்கட்டும்."

தேடி ஈர்க்குச்சி வைத்தேன். நான்காவது வரியில் என்ன இருக்கும் என்று பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். அதுதான் இருந்தது. சரிண்ணே என்றேன். நாளைக்கு வாசிக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் விடியும்போது அவருக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. சித்திரை மாதத்து ஆற்றுத் திருவிழா முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஊரில் அவருக்கு முன் மூன்று பேர் போயிருந்தார்கள். சனிக்கிழமை மாடுகள் வீடு திரும்புமுன் அண்ணனும் போய்விட்டார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. அது 1938ஆம் வருஷம்.

என்ன சொல்ல இருந்தேன் என்பதை எழுத வேண்டுமானால் நாலைந்து வருஷம் முன்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர் விளாங்குடி. அண்ணன் நல்லகாமனுக்குக் கண்மாய்க்குக் கீழே மூன்று துண்டு நிலம். எனக்குப் பத்தொன்பது வயதில் புருஷன் இறந்து நான் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஊரில் யார் சொன்னதையும் கேட்காமல் அண்ணன்தான் என்னை வண்டியில் ஏற்றிப் போய் மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். நான் வாத்தியார் பரீட்சை தேறி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே வந்தேன். அதிலிருந்து வீட்டு மனு, பத்திர நகல், வாய்க்கால் வழக்குக்கான விவரம் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். "எந்தங்கச்சி எழுதுனா கலெக்டர் கச்சேரியில செல்லும்" என்று கண்டவரிடமெல்லாம் சொல்வார். அப்படிச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும்.

வாய்க்கால் வழக்கு நாலு வருஷம் நடந்தது. அதில் எங்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஹாலாஸ்யம் கிடைத்தார். அவர் எங்கள் வக்கீலிடம் குமாஸ்தா; அண்ணன் ஐயரு என்பது அவரைத்தான். கோர்ட்டில் கூப்பிடும்வரை காத்திருக்கும் நேரத்தில் அவரும் அண்ணனும் கல் தரையில் கரிக்கோடு போட்டுச் சதுரங்கம் ஆடியிருக்கிறார்கள். அண்ணன் ஆடியது எங்கள் பக்கத்து நாட்டு ஆட்டம். அதில் அவரை ஜெயிக்க ஹாலாஸ்யத்தால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேலமாசி வீதியில் ஒரு வாசகசாலை மாடியில் தாங்கள் கூடி ஆடுவதாகச் சொல்லி அவர்தான் அண்ணனை அங்கே அழைத்துப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு சம்சாரி மாடியேறி வந்ததை அங்கே சிலர் விரும்பவில்லை. ஆறு மாதத்தில் அவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் அவரிடம் தோற்ற பிறகு நாற்காலி தானாக வந்தது.

பிறகு வாசகசாலையில் இங்கிலீஷ் முறை ஆட்டத்துக்கு மாறினார்கள். அந்த முறையில் காலாள் முதல் தடவை இரண்டு கட்டம் தாவலாம். நாட்டு ஆட்டத்தில் ஒரு கட்டம்தான். அண்ணனுக்குத் தாவலாம் என்று தெரியும், ஆனால் கை வராது. அவருடைய காலாட்கள் ஒவ்வோர் அடியாக நடந்து வெளியே வருவதற்குள் எதிராளியின் படை வாசலில் நிற்கும். ஆறேழு வாரம் தொடர்ந்து தோற்றார்.

"நடு ஆட்டத்துக்கு வந்துட்டா எவனையும் நான் பாத்துக்குவேன் சீனி. வாசல்லயே வெட்டிப்புடுறாய்ங்க."

ஹாலாஸ்யம்தான் வழி சொன்னார். அவர் சொன்னதை அண்ணன் வீட்டில் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "ஓய், உமக்குன்னே ஒரு தொடக்கம் இருக்கு. பிரெஞ்சு டிபென்ஸ்னு பேர். கறுப்புக் காலாள் முதல்லே ஒரு கட்டம்தான் போகும். உம்ம ஊர் ஆட்டம் மாதிரியே." சொன்னதோடு நிற்காமல் தன் நோட்டையும் கொடுத்தார். யாரோ ஒரு வக்கீலிடம் இங்கிலீஷ் புத்தகத்தை இரவல் வாங்கி, மூன்று மாதம் உட்கார்ந்து அவரே தமிழில் எழுதிய நோட்டு அது. அந்த வாசகசாலையில் சதுரங்கத்துக்கென்று இருந்த ஒரே புத்தகம் அதுதான். ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டும் என்று கொடுத்தார்.

அதை நகலெடுக்கும் வேலை எனக்கு. முதல் பக்கத்திலேயே சிக்கல் வந்தது. காய்களின் பெயர்.

எங்கள் பக்கத்தில் மூலையில் நிற்பது தேர். அடுத்தது குதிரை. அதற்கடுத்து, சாய்வாகப் போகும் காய் யானை. நடுவில் ராஜா, அவர் பக்கத்தில் எல்லாத் திசையும் போகும் மந்திரி. ஹாலாஸ்யம் பழகியது வேறு. அவருக்கு மூலையில் நிற்பது யானை. சாய்வாகப் போவது மந்திரி. ராஜா பக்கத்தில் நிற்பது ராணி.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நம்ம மந்திரி நிக்கிற எடத்துல அவுகளுக்கு ராணியா? பொம்பளையச் சண்டைக்கு அனுப்பிட்டு ராஜா உள்ள உக்காந்துக்கிறானா?"

"இங்க மட்டும் எப்புடி நடக்குதாம்?" என்றாள் மதினி. "வாய்க்கால்ல மம்பட்டியோட போயி நின்னது யாரு? நானா, நீங்களா?"

"அதான் சொல்றேன். ராணின்னு எழுதிராத சீனி. உங்க மதினி பலகையில ஏறி உக்காந்துக்குவா. நம்ம பேரையே போடு."

ஆகவே நான் ஒரு துண்டுத் தாளில் குறித்து எதிரில் வைத்துக்கொண்டேன். அவருடைய ராணி நமக்கு மந்திரி. அவருடைய மந்திரி நமக்கு யானை. அவருடைய யானை நமக்குத் தேர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தினமும் நாலைந்து பக்கம் எழுதினேன். எழுதியதை அண்ணன் பலகையில் வைத்துப் பார்ப்பார். கடைசி இரண்டு பக்கங்களைச் சனிக்கிழமைதான் முடித்தேன். அதைப் பலகையில் வைத்துப் பார்க்க நேரமில்லை. அன்று அவருக்கு நாற்று நடவு. ஞாயிறு காலையில் மதுரைக்கு நடந்து போகும்போது வாயால் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். நோட்டையும் அன்றே திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனார்.

அந்தக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: எதிராளி சாய்காயை, அதாவது சாய்வாகப் போகும் காயை, கொண்டுவந்து நம் குதிரையை மிரட்டினால், நாலாவது நகர்த்தலாக நம் சாய்காயை ராஜாவுக்கு முன்னால் வை. ஹாலாஸ்யம் நோட்டில் அது 'மந்திரி, ராஜாவுக்கு முன்னால்' என்று இருந்தது. நான் 'யானை, ராஜாவுக்கு முன்னால்' என்று மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. அறுபது எழுபது இடங்களில் மாற்றியவள் அந்த ஓரிடத்தில் பார்த்ததை அப்படியே எழுதிவிட்டேன். எழுதியபோது மனம் எங்கே இருந்தது என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

வேறு எந்தக் கட்டமாக இருந்தாலும் அண்ணன் கண்டுபிடித்திருப்பார். அந்தக் கட்டத்துக்குப் போகவே முடியாத காயின் பெயர் என்றால் தப்பு என்று தெரிந்துவிடும். ராஜாவுக்கு முன்னால் உள்ள அந்தக் கட்டத்துக்கு மட்டும், அந்த நேரத்தில், எங்கள் யானையும் போகலாம், எங்கள் மந்திரியும் போகலாம்.

அன்று அவர் ஹாலாஸ்யத்தோடுதான் ஆடினார். ஜெயிக்கக்கூட வேண்டாம், வாசலில் சாகாமல் ஒரு தடவை நடு ஆட்டத்துக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. மூன்று நகர்த்தல் நோட்டில் உள்ளபடியே போயிற்று. நாலாவதில் ஹாலாஸ்யம் சாய்காயைக் கொண்டுவந்தார். அண்ணன் தன் மந்திரியை, ஆட்டத்திலேயே பெரிய காயை, ராஜாவுக்கு முன்னால் வைத்தார். ஹாலாஸ்யம் காலாளைத் தள்ளிக் குதிரையை விரட்டினார். குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் மந்திரி வெட்டுப்படும். நகராவிட்டால் குதிரை வெட்டுப்படும். அண்ணன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என் தாளில் இருந்தபடியே குதிரையைப் பின்னால் எடுத்தார். ஆறாவது நகர்த்தலில் மந்திரி போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"சீனி, அந்த நாலாவது வரியில நோட்டுல என்ன இருந்துச்சு?"

"மந்திரின்னுதான் இருந்துச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துத்தான் எழுதுனேன். மந்திரின்னுதான் போட்டிருந்துச்சு."

அந்தப் பதிலில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. நோட்டில் மந்திரி என்றுதான் இருந்தது. சொன்ன நேரத்தில் எனக்கே அது முழு உண்மை. அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். "எனக்கும் வைக்கும்போதே ஒரு மாதிரியாத்தான் பட்டுச்சு. நீ எழுதுனது, அதுக்குப் பின்னாடி ஏதோ சூட்சுமம் இருக்கும்னு வச்சேன். அப்ப அவரு வேணும்னேதான் எழுதிக் குடுத்திருக்காரு."

மறுநாள் திங்கள்கிழமை. அண்ணன் கோர்ட்டுக்குப் போன பிறகு பலகையை எடுத்து, தாளில் உள்ளபடி காய்களை வைத்துப் பார்த்தேன். நாலாவது நகர்த்தலில் மந்திரிக்குப் பதிலாக யானையை வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. குதிரை தாராளமாகப் பின்வாங்கியது. ஒரு காயும் வீணாகச் சாகவில்லை. துண்டுத் தாளை எடுத்து மறுபடி படித்தேன். அவருடைய மந்திரி நமக்கு யானை.

அண்ணன் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாசலில் நின்றேன். அவர் வரும்போதே பேசிக்கொண்டு வந்தார். கோர்ட்டு வாசலில், வக்கீல்களும் கட்சிக்காரர்களும் நிற்கும்போது ஹாலாஸ்யத்திடம் கேட்டுவிட்டாராம். "தப்பா எழுதிக் குடுத்து ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா ஐயரே? இது கள்ளத்தனமில்லையா?" ஹாலாஸ்யம் வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். "பதில் சொல்ல வாயி வருமா?" என்றார் அண்ணன்.

இப்போது நான் உண்மையைச் சொன்னால் அண்ணன் அதே வாசலில், அதே ஆட்களுக்கு முன்னால் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் தங்கை எழுதியது தப்பு என்று சொல்ல வேண்டும். அவரைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். என் எழுத்துக்கு அவர் வைத்திருந்த மதிப்புப் போய்விடுமே என்ற பயம்தான் பெரிது என்பது இப்போது தெரிகிறது.

இரண்டு வாரம் கழித்து ஹாலாஸ்யம் சைக்கிளில் விளாங்குடிக்கு வந்தார். அண்ணன் வீட்டுக்குள் இருந்துகொண்டே, வயலுக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னார். மதினி போக மறுத்தாள். "உங்க பொய்ய நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டாள். நான் போனேன்.

சைக்கிளைப் பிடித்தபடி வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். மெலிந்த மனிதர், நெற்றியில் வியர்வையில் கரைந்த விபூதி.

"வயலுக்குப் போயிருக்காக" என்றேன்.

"சரி." அவர் கிளம்பவில்லை. "நீங்கதானே நகல் எடுத்தது அம்மா? நோட்டுலே ஏதாவது பிழை இருந்துதா? நான் நாலு தடவை பார்த்துட்டேன். எனக்கு ஒண்ணும் தட்டுப்படலே."

சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வந்திருக்காது. அண்ணன் பத்தடி தூரத்தில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியலங்க" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். வெயிலுக்கு ஒதுங்கி நிற்கிறார் என்று நினைத்தேன். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு நல்ல புத்தகம் தேடுவதே அண்ணனுக்கு வேலையாகிவிட்டது. அந்த நோட்டு ஆகாது, சரியான புத்தகம் ஒன்று வேண்டும், பிரெஞ்சுத் தொடக்கத்தை ஒழுங்காகப் படித்துக்கொண்டுதான் மறுபடி அந்த மாடியில் ஏறுவது என்று உறுதியாக இருந்தார். புது மண்டபத்துப் புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகக் கேட்டார். "சதுரங்கமா? தாயம் இல்ல. சகுனம் இருக்கு, கனாப் பலன் இருக்கு, எது வேணும்?" என்றார் ஒரு கடைக்காரர். பழைய புத்தகம் வாங்குகிறவர்களிடம் சொல்லி வைத்தார். வெற்றிலை வியாபாரி சின்னச்சாமி அடிக்கடி பாண்டிச்சேரிக்குப் போகிறவர். பிரெஞ்சுக்காரன் ஊரில் கிடைக்காத பிரெஞ்சு டிபென்சா என்று அவரிடமும் சொன்னார். ஒரு மாதம் கழித்துத் தடிமனான புத்தகம் ஒன்று வந்தது.

"பிரெஞ்சுல இருக்கணும், டிபென்சு பத்தி இருக்கணும்னு சொல்லித்தான் மாப்ள கேட்டேன். கடைக்காரன் இதான்னு எடுத்துக் குடுத்துட்டான்" என்றார் சின்னச்சாமி.

அண்ணன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பீரங்கிகளும் அகழிகளும் மண்மேடுகளும் படம் படமாக இருந்தன. பட்டாளத்தார் கோட்டையைக் காப்பது எப்படி என்ற புத்தகம்.

"கோட்டை இருக்கு, குதிரை இருக்கு, காலாளும் இருக்கு" என்றார் அண்ணன். "பலகையத்தான் காணோம் மாப்ள."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பெட்டிக்குள் என் சேலை மடிப்பில் அந்த நாலாவது வரித் தாள் இருந்தது. ஒரு சொல்லை மாற்றினால் அவர் தேடும் நல்ல புத்தகம் அதுதான். யாருக்கும் தெரியாமல் திருத்திக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். மந்திரி என்ற சொல்லை அவர் மறக்கவில்லை. கேட்பார்.

கடைசியில் சென்னைக் கடைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். பிரெஞ்சுத் தொடக்கம் விரிவாக உள்ள நல்ல புத்தகம் ஒன்று தேவை என்று எழுதும்போது, அது வந்தால் அதிலும் இதே வரிதான் இருக்கும், அன்றைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியும். தபாலில் போட்டுவிட்டு, வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். வந்து சேர்ந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவர் பக்கம் பிரித்ததும் நான் ஈர்க்குச்சி வைத்ததும் அதில்தான். நாலாவது வரி: 'பி, கே இரண்டு'. சாய்காய், ராஜாவுக்கு முன்னால்.

சனிக்கிழமை முழுவதும் நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன், துணி மாற்றினேன். சொல்லவில்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் நிஜம். உயிர் தங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

சுடுகாட்டுப் பாதையில் ஆண்கள் போகும்போது, வேப்பமரத்துக்கு அப்பால் ஹாலாஸ்யம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதை மதினிதான் எனக்குக் காட்டினாள். யார் சொல்லி வந்தாரோ.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தாளையும் புதுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மேலமாசி வீதிக்குப் போனேன். மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நாலு மாசமா அந்த மனுசன் என்னத்தத் தேடி அலைஞ்சாரு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

மாடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வெள்ளைச் சேலையில் ஒரு பெண் படியேறி வந்ததைப் பார்த்து ஆட்டத்திலிருந்து தலை தூக்கினார்கள். ஹாலாஸ்யம் எழுந்து வந்து, ஜன்னலோரம் இருந்த நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. தாளைக் கொடுத்தேன்.

அவர் அதை மேலிருந்து படிக்கவில்லை. அவர் விரல் நேராக நாலாவது வரிக்குப் போய் நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"அவர் காயை வச்ச அன்னிக்கே சந்தேகம்தான். உங்க பக்கத்துலே மந்திரின்னா வேறே காய்னு எனக்குத் தெரியாதா? அவரோட எத்தனை ஆட்டம் ஆடியிருக்கேன். அதைக் கேக்கத்தான் விளாங்குடிக்கு வந்தேன்."

"அண்ணன்கிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? என் நோட்டு சரி, உம்ம தங்கைதான் தப்பா எழுதிட்டான்னா? நான் சொன்னா நம்புவாரா? நீங்க சொன்னாத்தான் நம்புவார். நீங்க சொல்வேள்னு நின்னேன்." தாளை மடித்தார். "எனக்கும் கோபம் இருந்தது அம்மா. நாலு பேருக்கு முன்னாடி கள்ளன்னுட்டாரேன்னு. அவரா வரட்டும்னு இருந்துட்டேன். அதுவும் சரியில்லே."

நான் அழக் கூடாது என்று வந்திருந்தேன். அழவில்லை.

"மத்தவங்களுக்கும் தெரியணும்" என்றேன். "நீங்க தப்பா எழுதிக் குடுத்ததா அண்ணன் சொன்னது இங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப நீங்களே சொல்லிடுங்கோ. நான் சொன்னா எனக்காகச் சொல்ற மாதிரி இருக்கும்."

சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பழகியவள், அதே போல நின்றுகொண்டேன். நோட்டில் பிழை இல்லை, நகல் எடுத்ததில் பிழை, எடுத்தது நான், தெரிந்த பிறகும் அண்ணனிடம் சொல்லாமல் இருந்ததும் நான் என்று சொன்னேன். எங்கள் மந்திரி எது, அவர்கள் மந்திரி எது என்று பலகையில் காயைத் தொட்டுக் காட்டினேன்.

பிறகு பலசரக்குக் கடை முத்துக்கருப்பன் கேட்டார்: "அப்ப அன்னைக்கி ஆடுன ஆட்டம் செல்லுமா, செல்லாதா?"

"ஓய், இப்ப அதுவா முக்கியம்?" என்றார் வாசகசாலைக் காரியதரிசி ராஜாராமன்.

"முக்கியமில்லைன்னா எதுக்குப் பேரேட்டுல ஏத்துறீக? அந்த மனுசன் தன் புத்தியில தோக்கல. எழுத்துப் பிழையில தோத்தாரு. அத எப்புடி ஜெயம்னு எழுதுறது?"

"தொட்ட காய் தொட்டதுதான். யார் சொல்லி வச்சா என்ன?"

"கண்ணு தெரியாதவனுக்குத் தப்பா வழி சொல்லிட்டு, விழுந்தது அவன் குத்தம்னு சொல்லுவீகளா?"

இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. நான் இருப்பதையே மறந்து சத்தமாகப் பேசினார்கள். அண்ணன் இருந்திருந்தால் இந்த வழக்கில் யார் பக்கம் பேசியிருப்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ராஜாராமன் ஆட்டங்களைக் குறித்து வைக்கும் பேரேட்டை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, மார்கழி மாதத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலாஸ்யத்தைப் பார்த்தார். "நீர் சரின்னா இதை அடிச்சுடறேன்."

ஹாலாஸ்யம் என்னைப் பார்த்தார். "எனக்கு ஆட்சேபணை இல்லே. அம்மா சொல்லட்டும்."

நாலு மாதம் முன்பு அதே பேனாவால் அடித்திருந்தால் அண்ணன் அந்த வாரமே மாடியேறி வந்திருப்பார். இப்போது அதை அடித்தால் என் பிழைதான் மறையும். அந்தக் காயை வைக்கும்போது, தன் கண்ணுக்குத் தப்பாகப் பட்டும், என் எழுத்தை நம்பி வைத்தார். அது அவர் வைத்த காய்.

"அடிக்க வேணாம்" என்றேன்.

புதுப் புத்தகத்தை அண்ணன் பெயரில் வாசகசாலைக்குக் கொடுத்தேன். ஹாலாஸ்யம் கேட்டுக்கொண்டபடி, அடுத்த வருஷம் அதிலிருந்த பிரெஞ்சுப் பகுதியை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு காய்க்கும் இரண்டு பெயரும் போட்டு எழுதினேன். அவர் வரி வரியாகப் பலகையில் வைத்துச் சரிபார்த்தார். அவரும் போய் இப்போது ஆறு வருஷம் ஆகிறது. மேலமாசி வீதியில் அந்தக் கட்டடம் கைமாறி, வாசகசாலை பக்கத்துச் சந்துக்குப் போய்விட்டது. பேரேடுகளை மட்டும் வைத்திருக்கிறார்கள். போன மாதம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மார்கழி, மூன்றாம் ஞாயிறு. ஹாலாஸ்யம் வெள்ளை, நல்லகாமன் கறுப்பு. வெள்ளை ஜெயம் என்றுதான் இருக்கிறது.